நாரை இன்னும் வெளியே

நான் வீட்டை விட்டுக் கிளம்பிய நாளும், 'நாரை' என்ற விண்கப்பல் கிளம்பிப் பதினெட்டு வருடம் முடிந்த நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன. பார்த்து வைத்த தேதி இல்லை. அன்றைக்குத்தான் விமானத்தில் இடம் கிடைத்தது. தேதியைச் சொன்னதும் சித்தி டீ கப்பைக் கீழே வைத்தாள்.

"வேணும்னே பாத்து எடுத்தியா?"

"எனக்கு ஞாபகமே இல்ல சித்தி."

"அப்ப இன்னும் நல்லது."

சித்தி என் அம்மாவின் தங்கை. பஸ் டிப்போவில் டைம் கீப்பர். டிப்போ வாசலை ஒட்டி ஆறடிக்கு எட்டடியில் ஓர் அறை, அதில் வாசலைப் பார்த்த ஜன்னல். ஜன்னல் விளிம்பில் ஊன்றி ஊன்றி அவளுடைய இடது முழங்கை காய்த்துப் போயிருக்கும். அறைச் சுவரில் இரண்டு மரச்சட்டங்கள் உண்டு. ஒன்றின் மேல் 'உள்ளே' என்றும் இன்னொன்றின் மேல் 'வெளியே' என்றும் எழுதியிருக்கும். ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓர் அட்டை. பஸ் வாசலைத் தாண்டியதும் அதன் அட்டை உள்ளேயிலிருந்து வெளியேக்கு மாறும். நோட்டில் நேரம் ஏறும். திரும்பி வந்தால் அட்டையும் திரும்பும். வெளியே சட்டத்தில் ஓர் அட்டை பாக்கி இருந்தாலும் சித்தியால் நோட்டை மூட முடியாது. அடுத்த ஷிப்டு ஆளிடம் அந்த அட்டையைக் காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் நாற்காலியிலிருந்து எழ முடியும்.

அன்று காலை ஆறு பத்து வண்டியில் நான் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். டிப்போவுக்கே போய் ஏறிக்கொண்டேன். டிரைவர் இன்ஜினைப் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். சித்தி ஜன்னல் வழியாக ஒரு பழைய டிரிப் ஷீட்டை நீட்டினாள்.

"நாரைக்கு ஏதாவது எழுதணும்னா எழுது. நாலு நிமிஷம் இருக்கு."

"இப்பவா?"

"வேற எப்ப? பதினெட்டாவது வருஷம். ராசியான தபால்."

ஷீட்டின் பின்பக்கத்தில் மூன்று வரி எழுதினேன். நான் இன்று கிளம்புகிறேன். திரும்பி வருவேனா என்று தெரியவில்லை. உங்களுக்கு வீட்டு ஞாபகம் வருமா?

சித்தி அதைப் படிக்காமல் மடித்து, மேலே தேதியையும் நேரத்தையும் குறித்தாள். பிறகு வழக்கம்போல உரக்கச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதினாள். "வண்டி வெளியே, ஆறு பத்து." பஸ் திரும்பும்போது ஜன்னலைப் பார்த்தேன். அட்டையை மாற்றிக்கொண்டிருந்தாள். எனக்குக் கையாட்டவில்லை, இரண்டு கையிலும் வேலை இருந்தது.

* * *

நாரையைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும்.

'நெடுவழி' என்று ஒரு தொலைக்காட்சித் தொடர். எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை தொடங்கியது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு நாரை பக்கத்து நட்சத்திரத்துக்குக் கிளம்புகிறது. ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகம். போய்ச் சேர நாற்பத்து மூன்று வருடம். சண்டை, வெடி, விநோத ஜந்து எதுவும் கிடையாது. கப்பலில் இருப்பவர்கள் வாழ்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் வீட்டிலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியும் தாமதமாகத்தான் வரும். கப்பல் தள்ளிப் போகப் போகத் தாமதமும் வளரும். ஒருமுறை கப்பலின் சமையற்காரிக்கு, 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லை' என்று செய்தி வருகிறது. செய்தி வருவதற்கே நான்கு மாதம். பதில் போக இன்னும் நான்கு மாதத்துக்கு மேல். அவள் உட்கார்ந்து, 'அப்பா, மாத்திரையை மறக்காதீங்க' என்று பதில் எழுதுகிறாள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட எழவில்லை.

சித்திக்கு அப்போது இருபத்தாறு வயது. அந்தச் செவ்வாய்க்கிழமை காலைதான் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நாள் முழுக்கப் பஸ் நேரம் எழுதிவிட்டு, விரலில் மையோடு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தாள். நாரை மேலே எழும்புகிறது. எல்லோரும் கைதட்டுகிறார்கள். அப்போது கட்டுப்பாட்டு அறையின் மூலையில் கண்ணாடி போட்ட ஒரு பெண், யாரையும் பார்க்காமல், ஒரு நோட்டில் பேனாவால் எழுதுகிறாள். "நாரை வெளியே, எட்டு பத்து." மொத்தம் பன்னிரண்டு நொடி. தொடரில் அந்தப் பெண் மறுபடி வரவே இல்லை. அவளுக்குப் பெயரும் வைக்கவில்லை.

"எல்லாரும் கேப்டன பாத்தாங்க, நான் அவள பாத்தேன்" என்று சித்தி சொல்வாள். "அவ எழுதலேன்னா கப்பல் போச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

ஆறு வருடம் ஓடிய தொடரை ஒரு நாள் நிறுத்திவிட்டார்கள். கடைசி அத்தியாயம் என்று ஒன்று எடுக்கவே இல்லை. கப்பலில் செய்தி வாங்கும் ஆள் விளக்கை அணைத்துவிட்டு, "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று சொல்லும் இடத்தோடு நின்றுவிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள், சேனலுக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் போட்டார்கள். சித்தி போடவில்லை. டிப்போவில் கழித்துப் போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்துவந்து, கப்பல் கிளம்பிய தேதியிலிருந்து கணக்குப் போட்டு, அன்றைக்கு நாரை எங்கே இருக்கும் என்று எழுதினாள். மறுநாளும் எழுதினாள். டிவியில் நின்றதே தவிர வண்டி நிற்கவில்லையே என்பது அவள் வாதம்.

அந்த நோட்டின் பக்கங்களை ரசிகர்கள் கூடும் இணையப் பக்கத்தில் போட ஆரம்பித்தாள். அங்கே எல்லோரும் அவளை டைம் கீப்பர் என்றே கூப்பிட்டார்கள். ஒருமுறை யாரோ விளையாட்டாக, 'அவங்களுக்கு ஒரு லெட்டர் போட முடிஞ்சா நல்லா இருக்கும்' என்று எழுதினார்கள். சித்தி பதில் போட்டாள்: 'போடுங்க. சேர வேண்டிய நேரத்துல சேரும்.' அந்த ஆள் போட்ட கடிதத்துக்கு ஒரு வருடம் ஐந்து மாதம் கழித்து நாரையிலிருந்து பதில் வந்தது. கடிதம் போட்டதையே மறந்திருந்த மனிதர், வேலைக்கு நடுவில் அதைப் படித்துவிட்டுக் கழிப்பறையில் போய் நின்றுகொண்டு அழுதாராம்.

அதற்குப் பிறகு கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு வருடம் முந்நூற்று நாற்பது. சித்தி நான்கு விதிகள் வைத்திருந்தாள். வந்த எந்தக் கடிதத்தையும் நிறுத்தி வைப்பதில்லை. கடிதம் கப்பலைச் சென்று சேரும் நாளில்தான் அவள் அதைப் பிரித்துப் படித்து, கப்பலின் சார்பில் பதில் எழுத வேண்டும். அந்த நாளில் கப்பலுக்குத் தெரிந்திருக்க முடியாத எதையும் பதிலில் எழுதக் கூடாது. எழுதியதை உறையில் போட்டு ஒட்டிவிட்டால், திரும்பி வந்து சேரும் நாள்வரை அவளும் பிரிக்கக் கூடாது.

சித்தப்பா பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவர். "ஊர்ல இருக்கற பொக்கை வாயெல்லாம் என்கிட்ட அவசரம் அவசரம்னு நிக்குது. என் பொண்டாட்டிகிட்ட பாரு, ரெண்டு வருஷம் காத்திருந்து நன்றி சொல்றாங்க" என்பார். ஆனால் வீட்டுச் சுவரில் டிப்போவில் இருப்பது போலவே இரண்டு சட்டம் அடித்துக் கொடுத்தவர் அவர்தான். அட்டை மாட்டும் கொக்கிகளைப் பல் செட் செய்யும் பொருளிலேயே வார்த்திருந்தார். அதனால் அவை ஈறு நிறத்தில் இருக்கும். 'வெளியே' சட்டத்தில் ஒரே ஓர் அட்டை. நாரை, எட்டு பத்து.

* * *

நான் போய் ஒன்றரை வருடம் ஆனபோது அறிவிப்பு வந்தது. ஒரு துறைமுக ஊரில் மீன் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் வேலையில் இருந்தேன். ஒரு புதிய நிறுவனம் நெடுவழியை வாங்கி முதலிலிருந்து எடுத்திருக்கிறது. புதிய நடிகர்கள், புதிய கதை. அறிவிப்பின் கடைசி வரி இது: 'முந்தைய தொடரின் நிகழ்வுகள் இனி நடந்தவையாகக் கருதப்பட மாட்டா.' அன்றைக்கே வெளியான முதல் அத்தியாயத்தில் நாரை கிளம்பவே இல்லை. நின்ற இடத்திலேயே வெடித்துச் சிதறுகிறது. யார் குண்டு வைத்தார்கள் என்பதுதான் கதை.

போன் செய்தேன். சித்தி இழவு வீட்டில் இருப்பதுபோல இருப்பாள் என்று நினைத்தேன். அவள் டிப்போவில் இருந்தாள். பின்னால் டீசல் இன்ஜின் இரைச்சல்.

"பாத்தேன்டி. நல்லாத்தான் எடுத்திருக்காங்க. அந்தப் புது கேப்டன் நல்லா நடிக்கிறா."

"கோவம் வரலியா?"

"எதுக்கு? அது வேற கப்பல். அது வெடிச்சா அதோட டைம் கீப்பர் எழுதிக்கட்டும்."

"நம்ம கப்பல் கிளம்பவே இல்லன்னு சொல்றாங்களே சித்தி."

ஏதோ ஒரு வண்டி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது. நேரத்தை உரக்கச் சொல்லி எழுதிவிட்டு வந்தாள். "எனக்கு இது புதுசா?" என்றாள்.

புதிதில்லை. எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, பிரேக் சரியில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த பஸ் ஒன்றை யாரோ அவசரத்துக்கு வெளியே அனுப்பி, அது போய் ஒரு சுவரில் மோதி நின்றது. நல்லவேளை, யாருக்கும் பெரிய அடி இல்லை. மேலதிகாரி வந்து, 'இந்த வண்டி இன்னிக்கு வெளியே போகலன்னு எழுதிடும்மா' என்றார். சித்தி நோட்டைத் திருப்பிக் காட்டினாள். போன நேரம் மையில் இருந்தது. 'கிளம்பின வண்டிய கிளம்பலன்னு எழுத முடியாது சார்' என்றாள். எட்டு மாதம் அவளைப் பழைய டயர்களை எண்ணும் அறைக்கு மாற்றினார்கள். எட்டு மாதமும் டயர் எண்ணினாள். நோட்டில் அந்த வரி அப்படியே இருந்தது.

ரசிகர்களில் பெரும்பாலானோர் புதிய தொடர்ப் பக்கம் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வாராவாரம் பேசுவதற்குப் புதிதாக ஏதோ ஒன்று கிடைத்தது. கடிதம் போடுகிறவர்கள் பதினொரு பேராகச் சுருங்கினார்கள். அந்தப் பதினொருவரில் ஒருத்தி கப்பல் கட்டும் தளத்தில் வெல்டர். வேலையில் அவள் கட்டுவது நிஜக் கப்பல், மனதில் இருப்பது நாரை. அறிவிப்பு வந்த அன்றே கோபத்தில் அதை அப்படியே நாரைக்குக் கடிதமாக அனுப்பிவிட்டாள். 'நீங்கள் கிளம்பவே இல்லையாம், தெரியுமா?' என்று கீழே ஒரு வரி. சித்தி தேதி போட்டு வாங்கிக்கொண்டாள். நிறுத்தி வைப்பதில்லை என்பது விதி.

* * *

இதற்கு இரண்டு மாதம் கழித்து நான் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டேன். அந்த நாட்டில் அந்த ஊருக்கு ஒரு நாளைக்கு ஒரே பஸ். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் போனது என்றார்கள். டாக்ஸி பிடித்தேன். பஸ் மணிக்கு அறுபது கிலோமீட்டர்; அப்படியானால் பத்து கிலோமீட்டர் முன்னால் இருக்கும். நாங்கள் தொண்ணூறில் போகிறோம். ஏழு நிமிடத்தில் பிடித்துவிடலாம் என்று மனக்கணக்குப் போட்டு டிரைவரிடம் பெருமையாகச் சொன்னேன். டைம் கீப்பர் வீட்டுப் பெண் இல்லையா. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"ஏன்மா, பஸ் நமக்காக அங்கயே நின்னுட்டிருக்கா? அதுவும் போயிட்டுதான இருக்கு? இருபது நிமிஷம் ஆகும்."

இருபது நிமிடம் ஆனது. ஏழாவது நிமிடத்திலிருந்து இருபதாவது நிமிடம்வரை நான் மனதுக்குள் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வெளியே என்ன ஓடியது என்றும் தெரியாது.

சித்தியின் கணக்கு எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கப்பல் கிளம்பி எத்தனை வருடமோ அதைப் பத்தால் வகு. பதினெட்டு வருடம் என்றால், செய்தி போக 1.8 வருடம், வர 1.8 வருடம். ஆனால் செய்தி போய்க்கொண்டிருக்கும்போது கப்பலும் போய்க்கொண்டுதானே இருக்கும்? செய்தி அதைத் துரத்திப் பிடிக்க வேண்டும். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பத்தால் இல்லை, ஒன்பதால் வகுக்க வேண்டும். போக இரண்டு வருடம், வர இரண்டு வருடம். பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பதைத் தினமும் பார்க்கும் ஒருத்தி, தன் உயிரான கப்பலை மட்டும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நிறுத்தி வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாள்.

சொல்வதா வேண்டாமா என்று மூன்று நாள் அலைந்தேன். உலகமே அந்தக் கப்பல் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. பதினொரு பேர்தான் மிச்சம். இந்த நேரத்தில் போய், உன் நோட்டு தப்பு என்று எப்படிச் சொல்வது? கடைசியில் போன் செய்து, டாக்ஸி கதையை மட்டும் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டவள் பாதியில் நிறுத்தினாள். பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"ஒம்பது" என்றாள்.

"ஆமா சித்தி."

"பதிமூணு வருஷமா..." என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு மெதுவாக, "வண்டி உள்ள வர்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சுன்னு எழுதியிருக்கேன்டி. பதிமூணு வருஷமா" என்றாள். டயர் அறைக்குப் போனபோதுகூட அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த வாரம் ரசிகர் பக்கத்தில் சித்தியின் அறிவிப்பு வந்தது. தன் கணக்கில் தவறு. இதுவரை கொடுத்த எல்லாப் பதில்களும் சீக்கிரமாகக் கொடுக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் உண்மையில் எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும் என்ற பட்டியல் இத்துடன் உள்ளது. இனி வரவேண்டிய பதில்கள் மேலும் தாமதமாகும். ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கடிதங்களுக்கும் தேதியைத் திருத்தியிருந்தாள். பழைய தேதிகளை அடிக்கவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் சரியான தேதி.

புதிய தொடரின் ரசிகர் ஒருவர் கீழே எழுதினார்: 'இல்லாத கப்பலுக்குத் தப்புக் கணக்கு. இதுக்கு மன்னிப்பு வேற.' நூற்றுக்கணக்கானோர் சிரித்தார்கள். பதினொருவரில் நால்வர் சொல்லாமல் விலகினார்கள்.

அப்போது வெல்டர் எழுதிய பதில் இன்னும் என் போனில் இருக்கிறது. 'கணக்கு தப்புன்னா சரியான கணக்குன்னு ஒண்ணு இருக்குல்ல? இல்லாத ஒண்ணுல எப்படிப்பா தப்பு வரும்? நாரை இப்பதான் எனக்கு முன்னாடியவிட நல்லா தெரியுது.'

அதைப் படித்தபோது நான் ஒரு மலைக்கணவாயில் இருந்தேன். எதிரே பனி மூடிய சிகரங்கள். அதைப் பார்க்கத்தான் இரண்டு நாள் நடந்து வந்திருந்தேன். சிகரங்களைப் பார்க்கத் தோன்றவில்லை. டிப்போவில் ஆறடிக்கு எட்டடி அறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், சிவப்பு மையில் ஆயிரத்து எண்ணூறு தேதிகளைத் திருத்திய ஒருத்தியையே நினைத்துக்கொண்டு நின்றேன்.

* * *

கிளம்பி மூன்று வருடம் எட்டு மாதம் கழித்து வீட்டுக்குத் திரும்பினேன். சித்தி வீட்டுக் கதவைச் சித்தப்பா திறந்தார்.

"வா காத்தாடி. நூல் அறுந்துடுச்சா, இல்ல காத்து நின்னுடுச்சா?"

"பல்லு வலி சித்தப்பா. உங்க ஞாபகம் வந்துச்சு."

"அதான பாத்தேன். சும்மா வர்ற ஆளா நீ."

சுவரைப் பார்த்தேன். 'வெளியே' சட்டத்தில் இரண்டு அட்டைகள். நாரை, எட்டு பத்து. அதற்குக் கீழே இன்னொன்று: காத்தாடி, ஆறு பத்து. சித்தி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைத் தொடவில்லை, பேசவில்லை. முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள். என் அட்டையை எடுத்து 'உள்ளே' சட்டத்தில் மாட்டி, நோட்டில் நேரத்தை எழுதினாள். அதற்கப்புறம்தான் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"மூணு வருஷம் எட்டு மாசம் லேட்டு. காரணம் எழுதணும். என்னன்னு எழுத?"

"டிராஃபிக்" என்றேன்.

அந்த வாரத்தில் நான் வந்து சேர்ந்ததற்கு வேறொரு அர்த்தமும் இருந்தது. வெல்டர் கோபத்தில் அனுப்பிய கடிதம், புதிய கணக்குப்படி இருபத்தாறு மாதம் பயணம் செய்து, வியாழக்கிழமை மதியம் மூன்று நாற்பதுக்கு நாரையைச் சென்று சேர வேண்டும். தாங்கள் கிளம்பவே இல்லை என்ற செய்தி, போய்க்கொண்டே இருக்கும் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அன்றைக்குத்தான் தெரிய வரும்.

சித்தி ஷிப்டு மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தாள். பிளாஸ்டிக் விரிப்பு போட்ட சாப்பாட்டு மேசை. அதன் மேல் நோட்டு, பேனா, உறை. ஸ்பீக்கரில் போட்ட போன். அதற்குள் ஏழு பேர். யாரோ ஒருவர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. யாரோ இருமினார்கள். மூன்று முப்பதுக்கு வெல்டரின் குரல் கேட்டது.

"டைம் கீப்பர், நான் அத அனுப்பியிருக்கக் கூடாது."

"அனுப்பிட்ட."

"கோவத்துல செஞ்சது. நீங்க கிழிச்சுப் போட்டிருக்கலாம்ல? யாருக்குத் தெரியப் போவுது?"

"வாங்குன தபால நான் கிழிக்கிறதில்லம்மா."

"அவங்க மனசு ஒடஞ்சு போயிடும். கப்பல நிறுத்திட்டாங்கன்னா?"

நான் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நாற்பது. சித்தி கடிதத்தைப் பிரித்தாள். அறிவிப்பின் கடைசி வரியையும் வெல்டரின் வரியையும் கப்பலில் ஒருவர் வாசிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள். பிறகு பேனாவை எடுத்தாள்.

ஒரு மணி நேரம் எழுதினாள். இடையில் ஒருமுறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தாள். போனில் இருந்த ஏழு பேரில் ஒருவரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. காகிதத்தில் பேனா ஓடுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். எழுதியதை யாருக்கும் காட்டாமல் மடித்து உறையில் போட்டு ஒட்டினாள். மேலே, திறக்க வேண்டிய தேதி. இன்னும் இருபத்தாறு மாதம்.

பிறகு அன்றாட நோட்டைத் திறந்து, அன்றைய தேதியில் நாரை இருக்கும் தூரத்தை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினாள். நேற்றைவிட ஒரு நாள் ஓட்டம் கூடுதல்.

"டைம் கீப்பர்" என்று வெல்டர் கேட்டாள். "ஓடுறதா எழுதிட்டீங்களா? நின்னிருந்தா?"

"நின்னிருந்தா அது நமக்குத் தெரிய இருபத்தாறு மாசம் ஆகும். தகவல் வர்ற வரைக்கும் வண்டி ஓடுதுன்னுதான் எழுதணும். டிப்போல அப்படித்தான்."

"உங்களுக்குத் தெரியும்ல, உறைக்குள்ள என்ன இருக்குன்னு?"

"எழுதும்போது தெரிஞ்சுது. ஒட்டுனப்புறம் தெரியாது."

சமையலறை வாசலில் நின்றிருந்த சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டால் வெங்காயம் என்பார். கையில் கத்தியும் இல்லை, வெங்காயமும் இல்லை. போனுக்குள் ஒருவர், "சரி, அப்ப ரெண்டு வருஷம் ரெண்டு மாசம் கழிச்சுப் பேசலாம்" என்றார். இன்னொருவர், "நடுவுல எங்களுக்கு வேற வேலை இல்லன்னு நெனச்சிட்டிங்களா?" என்றார். ஏழு பேரும் சிரித்தார்கள். வெல்டரின் சிரிப்பு மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடம் எட்டு மாதமாகப் பெரிய பெரிய இடங்களையெல்லாம் தேடிப் பார்த்திருக்கிறேன். கரை தெரியாத கடலில் நாட்கணக்கில் போயிருக்கிறேன். ஆனால் அன்று அந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்தபோதுதான் முதல்முறையாகத் தூரம் என்பது எவ்வளவு தூரம் என்று தெரிந்தது. நாரை அங்கே இருந்தது. ஒட்டிய உறை ஒன்று மேசைமேல் கிடந்தது, எழுதியவளுக்கே அதில் இருப்பது தெரியாது; அதைத் தொடக்கூட எனக்குக் கை வரவில்லை.

அன்று என் வீட்டுக்குக் கிளம்பும்போது கதவருகில் நின்று கேட்டேன். "என் லெட்டருக்கு என்ன பதில் சித்தி? அதுவும் எழுதி வச்சிருப்பல்ல?"

"உன் தபால் இன்னும் வழியில இருக்கு."

"நாலு மாசம்தான பாக்கி. நான் உன் அக்கா பொண்ணு."

"அக்காவே வந்து கேட்டாலும் நாலு மாசம்தான்."

* * *

மூன்று மாதம்தான் வீட்டில் இருக்க முடிந்தது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று அம்மா சொல்வது சும்மா இல்லை. ஒரு வேலை கிடைத்தது, தொலைவில். மறுபடி அதே ஆறு பத்து வண்டி. சித்தி ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "தபால் ஏதாவது?" என்றாள். "போன தபாலுக்கே பதில் வரல" என்றேன். "வரும்" என்றாள். அன்று மாலை வீட்டுக்குப் போய் என் அட்டையை ஈறு நிறக் கொக்கியில், நாரைக்குக் கீழே, மாட்டியிருப்பாள்.

ஒரு மாதம் கழித்து, பெயர்ப்பலகையைக்கூட என்னால் படிக்க முடியாத ஒரு ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்தேன். அங்கே மதியம். வீட்டில் அப்போது காலை ஆறு பத்து. போன் அதிர்ந்தது. நான் முதல்முறை கிளம்பி நான்கு வருடம், நாரை கிளம்பி இருபத்திரண்டு வருடம்.

'நாரையிலிருந்து கரைக்கு. உன் கடிதம் இன்று வந்து சேர்ந்தது. நீ எழுதி இரண்டு வருடம் ஆகிறது. இது உன்னிடம் வர இன்னும் இரண்டு வருடம் ஆகும். அதற்குள் நீ திரும்பியிருக்கலாம், திரும்பி மறுபடியும் கிளம்பியிருக்கலாம். இங்கிருந்து தெரியாது. இங்கே எல்லோரும் நலம். சமையற்கூடத்துக் கடிகாரம் மட்டும் ஒரு நிமிடம் பின்தங்குகிறது, சரிசெய்கிறோம். வீட்டு ஞாபகம் வருமா என்று கேட்டிருந்தாய். வரும். ஆனால் பயமில்லை. நாங்கள் கிளம்பிய நேரத்தை அங்கே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்.'